வேலையை விடலாமா? ஜெகதேவி முதல் தொப்பூர் வரை லாரியில்

ஞாயிறு, கிருஷ்ணகிரி

என் தாய்மாமா லாரி டிரைவர். இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்டீயரிங் பிடிக்கிறார். இப்போது இருக்கும் முதலாளியிடம் வேலையை விட்டுவிடலாமா என்று தீபாவளியிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறார். சம்பளத் தகராறு கிடையாது. படியும் மோசமில்லை. வண்டியில் முதலாளி எதை மாட்டுகிறார், எதை மாட்ட மாட்டேன் என்கிறார் என்பதில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். பிரேக் டிரம் கடைவதுதான் எங்களுக்குப் பெரும்பாலும் வரும் வேலை. பட்டறைக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். "சும்மா வீட்ல கெடக்காம வந்து கூட உக்காரு மாப்ள. நீ டிரம்மு கடையறவன், நீயே பாத்துச் சொல்லு" என்றார் மாமா. சரி என்று கிளம்பிவிட்டேன். இரவில் எங்கே வண்டி நிற்கிறதோ அங்கே உட்கார்ந்து எழுதிப் போடுகிறேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் முழுக்க லாரிதான். பெங்களூர், சென்னை, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று எந்தத் திசைக்கும் இந்த ஊரைத் தொட்டுத்தான் பிரிய வேண்டும். அதனால் ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு அக்கம்பக்கம் எப்போதும் லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் கிடைப்பார்கள். மாங்காய் சீசன் வேறு. கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும் மினி லாரிகள் பெங்களூரா மாங்காயை மலைபோல் ஏற்றிக்கொண்டு சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கமிருந்து வந்தபடி இருந்தன.

மாமாவோடு அதே கம்பெனியில் ஓட்டும் இரண்டு பேர் டீக்கடையில் இருந்தார்கள். ஒருவர் பாலக்கோட்டுக்காரர், மாமா வயசு. இன்னொருவன் ஊத்தங்கரைப் பையன், மீசை இப்போதுதான் கறுத்திருக்கிறது. பேச்சு நேராகக் கேமராவுக்குப் போனது. மூன்று மாதம் முன்னால் எல்லா வண்டியிலும் கேபினுக்குள் டிரைவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். கொட்டாவி விட்டால் பீப் அடிக்கும். போனைக் காதில் வைத்தால் பீப். பீடியை வாய்க்குக் கொண்டுபோனாலும் பீப். அந்தப் படம் உடனே ஆபீஸ் போனுக்குப் போய்விடும்.

"நான் தூங்கறதுக்கு மேலே இருக்கற பெர்த்துலதாண்ணா சட்டைய கழட்டறேன். அதையும் எவனோ பாத்துட்டிருப்பான்" என்றான் பையன். பாலக்கோட்டுக்காரர் அதைவிடக் கோபமாக இருந்தார். அடுத்த மாதம் நிற்கப் போகிறாராம். கேமராவுக்காகவே.

இதைப் பற்றி எனக்கு உடனே ஒரு அபிப்பிராயம் வந்தது: கேமராவுக்காக யாராவது வேலையை விடுவார்களா? எங்கள் பட்டறையிலும் மூலைக்கு ஒன்று இருக்கிறது. சொல்லவில்லை. மூன்று டிரைவர்களுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடிக்கிறவன் அடக்கமாக இருப்பது நல்லது.

வேறு காரணங்களுக்காக விட்டவர்கள் கதையும் வந்தது. ஒருவர் சீட்டுக்காக விட்டாராம். ஸ்பிரிங் போன சீட், முதுகு டிஸ்க் விலகி, மாற்றித் தரச் சொல்லி ஒரு வருஷம் கேட்டு, கடைசியில் தலையணையோடு இறங்கிப் போய்விட்டார். இன்னொருவர் ஆட்டோ கியர் வண்டியைக் கையில் கொடுத்ததும் சாவியை மேஜையில் வைத்தவர். "கியரை அதுவே போட்டுக்கும்னா, நான் எதுக்கு?" என்று கேட்டாராம். ஊத்தங்கரைப் பையனுக்கு இது புரியவே இல்லை. அவனுக்கு ஆட்டோ கியர் கிடைத்தால் போதும், கிளட்ச் மிதித்து முட்டி போகிறது என்கிறான். ஒரே சாமான் ஒருவருக்கு மரியாதைக் குறைவு, இன்னொருவருக்கு வரப்பிரசாதம்.

திங்கள், ஜெகதேவி

பர்கூர் தாண்டி ஜெகதேவிப் பக்கம் வந்துவிட்டால் காற்றிலேயே கல் தூள். ரோட்டின் இரண்டு பக்கமும் கிரானைட் அறுக்கும் பட்டறைகள். எங்கள் லோடு பாலிஷ் போட்ட பலகைகள், கேரளாவுக்கு. தர்மபுரி, தொப்பூர், சேலம், கோவை, வாளையாறு என்று ரூட். நான் சேலத்தோடு இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

லோடு ஏறுவதற்குள் வண்டியை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

கேபினிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் நிறைய லாரிகள் கம்பெனியிலிருந்து கேபின் இல்லாமல்தான் வெளியே வரும். இன்ஜின், சேசிஸ், முன்பக்கத் தகடு, அவ்வளவுதான். பிறகு நாமக்கல் போன்ற இடங்களில் பாடி கட்டும் பட்டறையில் விட்டுக் கேபினும் டாப்பும் கட்டிக்கொள்வார்கள். கம்பெனி கேபினைவிட இது மலிவு. மாமா வண்டி அப்படிக் கட்டியதுதான். மரச் சட்டமும் தகரமும், உள்ளே பளபளவென்று ரெக்சின், முருகன் படத்துக்கு மேலே கலர் பல்பு. பார்க்க அழகு. ஆனால் இன்ஜின் மூடிக்கும் டிரைவர் காலுக்கும் நடுவே ஒரு நல்ல பஞ்சுத் தடுப்புகூட இல்லை. மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் இட்லிக் குண்டானில் வைத்து மூடியது போலத்தான்.

2023 டிசம்பரில் மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 2025 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பின் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும் என்று. மாமா வண்டி அதற்கு முந்தியது. முதலாளி அடுத்து வாங்கப்போவதும் கைமாறிய வண்டிதான், புதுசு இல்லை என்று பேச்சு. அப்படியானால் அந்த விதி இந்தக் கேபினுக்குள் வர இன்னும் பத்து வருஷம் ஆகும்.

அடுத்து டயர். பின்னால் எல்லாம் பரவாயில்லை. முன்னால் வலது பக்கம் மட்டும் ரீபட்டன் அடித்த, அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய டயர். அதுவும் நைலான். இடது பக்கம் ரேடியல். நான் டிரைவர் இல்லை, ஆனால் ஒரே ஆக்ஸிலில் நைலானும் ரேடியலும் சேர்த்துப் போடக்கூடாது என்பது டயர் கடைப் பையனுக்கே தெரியும். இரண்டும் ரோட்டை வேறு வேறு மாதிரி பிடிக்கும். நைலான் சீக்கிரம் சூடேறும். பின்னால் ஜோடி டயரில் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டீயரிங் இழுக்கிற பக்கம் வண்டி போகும். மாமாவிடம் கேட்டேன்.

"போன மாசம் வேலூர்கிட்ட முன் டயரு பஞ்சர் ஆகி டயரே போச்சு. போன் பண்ணேன். ஸ்டெப்னிய போட்டு வா, வந்ததும் மாத்தலாம்னாரு. வந்துட்டேன். அப்பறமும் நாலு டிரிப் போயிட்டேன்."

பலகைகளை ஏ வடிவச் சட்டத்தில் இரண்டு பக்கமும் சாய்த்துக் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் அதிகமானாலும் வளைவில் வண்டி சாயும். மாமா ஒவ்வொரு கயிற்றையும் பெல்ட்டையும் தானே இழுத்துப் பார்த்தார். லோடுமேன்களுக்கு எரிச்சல். எடை மேடையில் கணக்குச் சரியாக இருந்தது. அந்த விஷயத்தில் முதலாளியைக் குறை சொல்ல முடியாது, ஓவர்லோடு ஏற்றச் சொல்ல மாட்டார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அளவு மீறினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதம் அவர் பையிலிருந்து போகிற இடத்தில் அவர் ரொம்ப ஒழுங்கு என்பது மாமாவின் விளக்கம். ஆனால் சட்டப்படியான எடையே கூடியிருக்கிறது. 2018 ஜூலையில் நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை 11.5 டன்னாக ஏற்றினார்கள்.

இருட்டிய பிறகுதான் தார்ப்பாய் கட்டி முடிந்தது. ராத்திரி அங்கேயே படுக்கை. கொசு.

செவ்வாய், காவேரிப்பட்டணம் வழியாக தர்மபுரி

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கிருஷ்ணகிரி வந்து பெரிய ரோட்டில் ஏறி, தென்பெண்ணையைத் தாண்டி, காவேரிப்பட்டணத்தில் நிறுத்தி நிப்பட்டு வாங்கினோம். இந்த ஊர் நிப்பட்டுக்கு வேறு எங்கும் ஈடு கிடையாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. சட்டம் 80 கி.மீ. என்கிறது. முதலாளி 60ல் வைத்துப் பூட்டியிருக்கிறார், மைலேஜுக்காக. சமதளத்தில் 58ல் போகும் இன்னொரு லாரியை ஓவர்டேக் செய்ய ஆரம்பித்தால், கரிமங்கலம் மலைக்கோயில் கண்ணில் பட ஆரம்பித்ததிலிருந்து அது பின்னால் போகிறவரை பக்கத்திலேயே உரசிக்கொண்டு போகிறோம். பின்னால் கார்கள் ஹாரன் அடித்துத் திட்டுகின்றன. மாமாவுக்கு இது எரிச்சல்தான், ஆனால் வேலையை விடும் அளவுக்கு இல்லை. "அறுபதுல போனா வூட்டுக்குப் போலாம். லேட்டா போலாம், அவ்ளோதான்."

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதுசு. இந்தக் கருவி இன்ஜினுக்குப் போகும் டீசலைத்தான் குறைக்கும். பிரேக் போடாது. இறக்கத்தில் பாரம் தள்ளினால் வண்டி அறுபதையும் தாண்டும், எண்பதையும் தாண்டும், கருவி ஒன்றும் செய்யாது. மேட்டில் இழுக்க விடாமல் பிடிக்கிற சாமான், இறக்கத்தில் பிடிக்க வேண்டிய நேரத்தில் கையை விட்டுவிடும்.

கரிமங்கலம் தாண்டியதும் பீப். மாமா கொட்டாவி விட்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் ஆபீஸிலிருந்து போன். முகம் கழுவிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். போனை எடுத்ததற்கு இன்னொரு பீப்.

1961ல் வந்து 2025 வரை அமலில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்றது. அந்தக் கேமராவுக்குக் கொட்டாவியை எண்ணத் தெரிகிறது. மாமா நேற்று எத்தனை மணிக்கு எழுந்தார், லோடு ஏற எத்தனை மணி நேரம் நின்றார் என்பதை எண்ணும் எதையும் அதில் வைக்கவில்லை.

தர்மபுரி பைபாஸில் பதினோரு மணிக்கெல்லாம் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தொப்பூர் இறங்குவதற்கு முன்னால் பிரேக் டைட் வைக்க வேண்டும் என்றார்.

புதன், தர்மபுரி

நேற்றே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. காரணம் பெரிது, கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் போனார். நானும் பின்னாலேயே போனேன், என் தொழில் ஆர்வம். லாரி ஏர் பிரேக்கில், பெடலை மிதித்தால் காற்று போய் ஒரு கம்பியைத் தள்ளும், அது ஒரு நெம்புகோலைத் திருப்பும், லைனர் என்ற உராய்வுப் பட்டை விரிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைப் பிடிக்கும். லைனர் தேயத் தேய அந்த நெம்புகோல் திரும்ப வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும். புது வண்டிகளில் அதுவே சரிசெய்துகொள்ளும். மாமா வண்டியில் யாராவது அடியில் படுத்து ஸ்பேனரால் திருக வேண்டும். முன்பெல்லாம் கிளீனர் செய்வான். இப்போது கிளீனர் கிடையாது, அந்தச் சம்பளமும் மிச்சம். டிரைவரே படுத்து எழுந்து கைகழுவி ஓட்ட வேண்டும். பின் ஆக்ஸிலில் இரண்டு சக்கரம் கிட்டத்தட்டப் பிடிக்காத நிலைக்கு வந்திருந்தது. திருகியாயிற்று. இது அரைமணி நேர வேலை.

அப்புறம் மெக்கானிக் சைலன்சர் பக்கம் கையைக் காட்டினார். எக்ஸாஸ்ட் பிரேக்கின் காற்றுக் குழாயைக் கழற்றி, முனையில் போல்ட் வைத்து அடைத்திருந்தது.

இது தெரியாதவர்களுக்காக. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வழியில் ஒரு தகடு இருக்கும், அதுதான் வால்வு. சுவிட்சைத் தட்டினால் அது மூடிக்கொள்ளும். புகை வெளியேற முடியாமல் இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். டிரம்முக்கு வேலையே இல்லை, சூடு இல்லை. நீள இறக்கத்தில் பாரத்தோடு இறங்குகிறவனுக்கு இதுதான் பாதிப் பிரேக். அது இல்லாவிட்டால் காலால்தான் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். டிரம் சூடாகும். சூடானால் விரியும், லைனரிடமிருந்து விலகும். லைனரும் கருகிப் பளபளத்துப் பிடிப்பை இழக்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. நான் கடையும் டிரம்கள் நீலம் பூத்து, முடிமுடியாக விரிசல் விட்டு வருவது இப்படித்தான். எங்கிருந்து வருகின்றன என்று இதுவரை கேட்டதில்லை.

மாமா வண்டியில் அந்தத் தகடு கரி படிந்து பாதியில் மாட்டிக்கொண்டது, வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் லிட்டருக்கு நாலிலிருந்து மூன்றரைக்கு இறங்கிவிட்டது. முதலாளியிடம் சொன்னபோது புது வால்வு வேண்டாம், திறந்தே வைத்து லைனை அடைத்துவிடு என்று அவருடைய மெக்கானிக்குக்கு உத்தரவு. மைலேஜ் திரும்ப வந்துவிட்டது. அதோடு அவர் கணக்கு முடிந்தது.

"இதுதான் மாப்ள என் பிரச்சினை" என்றார் மாமா.

"அப்ப கேமராவுக்காக இல்லையா மாமா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் அதைத்தானே பேசினீங்க?"

"அதுவுந்தான். கேமரா ஒண்ணு என்ன வெலைன்னு வாங்கின பில்லை நான் பாத்தேன். அந்தக் காசுல வால்வும் வரும், முன்னாடி ரெண்டு டயர்ல ஒண்ணும் வரும். காசு இல்லைன்னு சொல்லிருந்தா நான் ஒண்ணும் பேசமாட்டேன். என் மூஞ்சியப் பாக்கக் காசு இருந்துச்சு. என் கால் மிதிக்கிற பிரேக்குக்கு இல்லை."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்த அபிப்பிராயத்தை இங்கே கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன். கேமராவுக்காக ஒருவர் வேலையை விடுவது சின்ன விஷயமாகத்தான் இன்னும் படுகிறது. கேமரா நல்ல சாமான்தான், தூங்கி வழிகிற டிரைவரை அது எழுப்பும். ஆனால் எந்தச் சாமானை முதலில் வாங்கினார் என்ற வரிசையைப் பார்த்து ஒருவர் விட்டால், அதில் எனக்கு மறுப்பில்லை.

மத்தியானம் முதலாளிக்குப் போன். ஸ்பீக்கரில் கேட்டேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஃபைனான்ஸ் தவணை, இன்சூரன்ஸ், டோல், டீசல், வாடகை ஏறவே இல்லை, புரோக்கர் கமிஷன் என்று அவர் அடுக்கியதெல்லாம் உண்மைதான். முன் டயர் தருகிறேன், தர்மபுரியிலேயே தெரிந்த கடையில் சொல்கிறேன் என்றார். வால்வுக்கு மட்டும் மசியவில்லை. "அது இல்லாம எத்தனை வண்டி எறங்குது? மெதுவா எறங்குங்க. அனுபவஸ்தன்தானே நீங்க."

மாமா அமைதியாகக் கேட்டார்: "எறங்கறப்ப ஏதாவது ஆச்சுன்னா கேஸு யார் மேலங்க?"

அந்தப் பக்கம் பதில் இல்லை. பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கவனக்குறைவால் உயிர்ச்சேதம் ஏற்படுத்தினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 வருஷம். 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் 5 வருஷம். இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் என்ற 106(2), 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திய பிறகு அமலுக்கு வராமல் நிற்கிறது. ஆக, முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படுவது ஸ்டீயரிங்கில் இருந்தவன் பெயர். மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவு பழுதான வண்டியை ஓட்டுகிறவனை மட்டுமல்ல, ஓட்ட விடுகிறவனையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் மாமாவுக்குத் தெரிந்தவரை விபத்துக்குப் பிறகு அடைத்துவைத்த காற்றுக் குழாயைத் தேடி யாரும் வண்டிக்கு அடியில் படுத்ததில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொன்னால், எல்லா டிரைவரும் இதைத்தான் சொல்கிறான் என்று விட்டுவிடுவார்கள்.

அப்புறம் அத்தையின் போன். அத்தை கணக்கில் கெட்டி. பெரிய பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கிறது. விட்டால் அதை மொத்தமாக வைக்க வேண்டும். இதுதான் நிறைய டிரைவர்களைக் கட்டிப்போடும் கயிறு. பலகைக் கல் கட்டுகிற பெல்ட்டெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அத்தை விடு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "இன்னிக்குத் தொப்பூரு எறங்காதீங்க. நாளைக்கு எறங்குங்க, சரி பண்ணிட்டு" என்றாள்.

மாமா ஒரு முடிவுக்கு வந்தார். வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்திலிருந்து வால்வை வாங்கி மாட்டுவது. டிரிப் ஷீட்டில் பில்லோடு எழுதுவது. டிரிப் முடிந்து கணக்குப் பார்க்கும்போது முதலாளி அதை ஏற்றால் ஒரு வழி, வெட்டினால் இன்னொரு வழி. எனக்கு இந்த யோசனை பிடித்தது. வேலையை விடுவதா என்று தனக்குள்ளேயே கேட்டு மாசக்கணக்கில் தூக்கம் கெடுவதைவிட, கேள்வியை ஒரு பில்லாக மாற்றி எதிராளி மேஜையில் வைப்பது மேல்.

சாமான் கிடைக்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை பஸ் பிடித்து அதியமான்கோட்டை போய்விட்டு வந்தேன். காலபைரவர் கோயிலில் பூசணிக்காயைப் பாதியாக வெட்டி அதில் விளக்கேற்றுகிறார்கள். வாசலில் இரண்டு புது லாரிகளுக்குப் பூஜை. எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்து ஏற்றினார்கள். மாமாவின் முதலாளியும் வண்டி எடுத்ததும் இங்கேதான் வருவாராம், தட்டில் தாராளமாகப் போடுவாராம். பைரவர் காவல் தெய்வம்தான், இருந்தாலும் பிரேக் வால்வை அவர் கணக்கில் எழுதுவது அதிகம்.

திரும்பி வந்து களியும் கீரைக்குழம்பும். முன் டயர் இரண்டும் ஒரே ஜோடியாகிவிட்டது. சுவிட்சைத் தட்டினால் சைலன்சரில் உஸ்ஸென்று சத்தம்.

வியாழன், தொப்பூர்

கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை 60 கி.மீ.க்குச் சற்றே அதிகம். அதில் கடைசிச் சில கிலோமீட்டருக்குத்தான் இந்த ரோட்டின் மொத்தக் கெட்ட பெயரும். தர்மபுரி மேட்டு நிலம் சேலத்துச் சமவெளிக்கு இறங்குகிற இடம் இது. வடக்கேயிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நல்ல ரோட்டில் வந்த லாரி, திடீரென்று வளைவும் இறக்கமும் சேர்ந்த இடத்தில் மாட்டுகிறது. 2020 டிசம்பரில் சிமெண்ட் லாரி ஒன்று வரிசையாக வண்டிகள் மேல் ஏறியது இங்கேதான். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து நாலு பேர் போனதும் இங்கேதான். வளைவுகளைத் தவிர்க்க உயர்மட்டச் சாலைக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

பாளையம் டோல் தாண்டியதும் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். ஏறும்போது எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் கணக்கு. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே மூன்றாவதுக்கு வந்தார். சுவிட்சைத் தட்டினார். இன்ஜின் உறுமியபடி வண்டியைப் பிடித்துக்கொண்டது. முட்டியில் கை வைத்தபடி நான் பிரேக்குக்கான காற்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையவில்லை. பெடலை அவர் அவ்வப்போது ஒரு தடவை அழுத்தி விட்டார், தொடர்ந்து மிதிக்கவே இல்லை.

நியூட்ரலில் இறங்காதே என்று பலகை மேல் பலகை. எங்களைத் தாண்டி ஒரு பத்துச் சக்கர வண்டி இன்ஜின் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நியூட்ரல். லைனர் கருகும் நாற்றம் கேபினுக்குள் வந்தது.

"பைத்தியக்காரன்" என்றேன்.

"பைத்தியம்லாம் இல்லை. அவன் முதலாளி மைலேஜுக்குப் படி வெச்சிருப்பான். நாலரை வந்தா போனஸு, மூணே முக்கால்னா பிடித்தம். டீசல் டேங்க்ல சென்சார் இருக்கும். இந்த எறக்கத்துல மிச்சம் பண்றதுதான் அவனுக்குப் போனஸு" என்றார் மாமா.

அந்த சென்சாரும் ஒரு சாமான்தான். டீசல் திருட்டைப் பிடிக்கத்தான் மாட்டியிருப்பார்கள். அது என்ன செய்யச் சொல்லி டிரைவரைத் தள்ளுகிறது என்று மாட்டியவர் இந்த இறக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

இரட்டைப் பாலத்தைத் தாண்டி, கீழே சமதளத்துக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தினோம். நான் இறங்கி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து டிரம் மேல் சொட்டவிடப் போனேன். சூடான டிரம்மில் தண்ணி ஊத்தினா விரிசல் விடும், கடையறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று மாமா கத்தினார். தெரியும். ஒரு சொட்டுதான். அது சீறவில்லை. அவ்வளவு சூடு ஏறவில்லை என்று அர்த்தம்.

சேலத்தில் இறங்கி பஸ் பிடித்துவிட்டேன்.

அடுத்த வாரம், ஓசூர்

கேட்டு நிறையப் பேர் எழுதியதால் இது. மாமா கேரளா போய்த் திரும்பிவிட்டார். கணக்குப் பார்க்கும்போது முதலாளி வால்வு பில்லை முழுசாக ஏற்றுக்கொண்டார். "சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாராம். சொல்லிவிட்டுத்தான் செய்தார். மாமா அதற்கு வாய் திறக்கவில்லை. மற்ற வண்டிகளிலும் அடைத்துவைத்த லைனைச் சரிசெய்வீர்களா என்று கேட்டிருக்கிறார். ஊத்தங்கரைப் பையன் வண்டியிலும் அதே போல்ட்தான். அவனவன் கேட்கும்போது பார்க்கலாம் என்று பதில்.

பையனுக்குக் கேட்கத் தெரியாது. அவன் கேட்டால் தருவார்களா என்பதும் சந்தேகம். மாமா அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தர்மபுரி மெக்கானிக்கிடம் காட்டி, டிரிப் ஷீட்டில் எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாலக்கோட்டுக்காரர் சொன்னபடியே கேமராவுக்காக நின்றுவிட்டார். இப்போது சொந்த ஊரில் தக்காளி மண்டிக்கு மினி லாரி ஓட்டுகிறார்.

மாமாவும் விடுகிறார். முன்பணம் கழிய மூன்று மாதம் ஆகும், அதுவரை இதே வண்டி. அதற்குப் பிறகு சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேசி வைத்திருக்கிறார். கம்பெனி கேபின், ஏசி, தானாகவே டைட் ஆகும் பிரேக். படி கொஞ்சம் குறைவு, அதில் அத்தைக்கு வருத்தம். கேபினுக்குள் கேமரா இரண்டு. ஒன்று ரோட்டைப் பார்க்கும், ஒன்று மாமாவைப் பார்க்கும். கொட்டாவிக்கு அங்கேயும் பீப் உண்டா என்று கேட்டேன். "இருக்கு. மொதல்ல எக்ஸாஸ்ட் பிரேக்கைத்தான் போட்டுப் பாத்தேன்" என்றார்.